நாலு நிமிஷம்

"மச்சான், என் லினக்ஸ் கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு நின்னுடுது. மறுபடி ஓடறப்ப கடிகாரம் நாலு நிமிஷம் தாண்டியிருக்கு," என்றார் அக்காவின் கணவர்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கான தம்பி, நாள் முழுக்க மெமரியைச் சோதித்தான். ஒரு பிழைகூட வரவில்லை.

"நீங்க டைப் பண்ணுங்க மாமா, நான் பாக்கறேன்."

பத்து வரிக்குள் மாமாவின் விரல்கள் அப்படியே நின்றன. கூப்பிட்டும் அசையவில்லை. திரையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடம் அவர் திரும்பினார். "பாத்தியா, இப்பவும் நின்னுடுச்சு."

தம்பி சமையலறைக்குப் போய் அக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் உறுமியது.

"பாப்பாவை நீச்சல் கிளாஸ்ல விடக் கிளம்பிட்டார்டா," என்றாள் அக்கா.

அவன் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினான். மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை.

பின்சீட்டில் பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள். "போலாம்ப்பா. அப்பா, போலாம்ப்பா."