கிளாரினெட்காரன் வாய்

"வாயில மட்டும் குத்திராதப்பா மொக்கையா. ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

ஏலக்காய்க் கிட்டங்கியின் பின்வாசலில் ஜெயபாக்கியம் நிஜமாகவே குனிந்துவிட்டாள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மொக்கையன் பதறி விலகினான்.

"என்ன மதினி இது! யாரும் பாத்தா என்ன நெனைப்பாக?"

ஞாயிற்றுக்கிழமை சந்தைத் திடல் கொட்டகையில் அவள் புருஷன் தானியேலோடு மோதப்போகிறவன் இவன்தான். மலை எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில், அவர்கள் கிளப்பில் தானியேல் பழகிய குத்துச்சண்டை அது. துரைமார் கப்பலேறி எட்டு வருஷமாகியும் அவன் மட்டும் கோதாவை விட்டு இறங்கவில்லை. உதடு ஆறியிருக்கும் நாட்களில் கல்யாண வீடுகளில் கிளாரினெட் வாசிப்பான். கையால் ஒரு தொழில், வாயால் ஒரு தொழில். இரண்டும் சேர்ந்தும் வயிறு நிறைந்தபாடில்லை.

"திங்கக்கெழம மதுரை நாடகக் கம்பெனியில வாசிச்சுக் காட்டணும். பிடிச்சுப்போச்சுன்னா மாசச் சம்பளம். அப்புறம் கோதாப் பக்கமே போகமாட்டேன்னு பைபிள் மேல கைய வச்சுச் சொல்லியிருக்காரு."

"அப்ப இந்தச் சண்டைய விட்டுறச் சொல்லுங்க."

"நோட்டீசு ஒட்டி டிக்கெட்டும் வித்தாச்சாம். விடமாட்டேங்குறாக. போன தடவ ஒதடு கிழிஞ்சு, இதே மாதிரி வந்த எடம் கைநழுவிப் போச்சு. எனக்கு இனிமே தெம்பில்லப்பா. இதுவும் போச்சுன்னா நாங்க இருந்தும் ஒண்ணுதான், செத்தும் ஒண்ணுதான்."

மொக்கையன் தலையைச் சொறிந்தான்.

"குத்தாம இருக்க முடியாது மதினி. சும்மா தடவிக்குடுத்தா சனம் கொட்டகையப் பிரிச்சிரும். ஆனா வாயில குத்தமாட்டேன். எங்காத்தா மேல சத்தியம்."

"நான் வந்து கேட்டேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிராத."

திங்கள் விடிந்ததும் ஜெயபாக்கியம் முதலில் பார்த்தது புருஷனின் உதட்டைத்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஜெபம் பண்ணிய கையோடு அழுதுவிட்டாள்.

"வெரசாக் கெளம்புங்க, ரயிலு போயிரும்."

அவன் பதில் பேசவில்லை. சண்டைக்கு மறுநாள் அவன் எப்போதுமே ஊமைதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் மொக்கையன் வந்து நின்றான்.

"வாக்கக் காப்பாத்திட்டேன்ல மதினி?" என்று கிசுகிசுத்தான்.

"நீ நல்லா இருப்பப்பா." எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

உள்ளே தானியேல் கிளாரினெட்டை எடுத்து ஊதினான். அவன் அப்படி வாசித்து அவள் கேட்டதேயில்லை. தெருவில் போன மாட்டுவண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். பாதியில் தானியேல் வாசிப்பை விட்டுவிட்டு, கிளாரினெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சீவாளி ஒடஞ்சுபோச்சா பாக்கியம்? சத்தமே வரலையே!" என்று கத்தினான்.

ஜெயபாக்கியம் மொக்கையனைப் பார்த்தாள். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"வாயில வேண்டாம்னீகளேன்னு..." தன் கைகளைப் பார்த்தபடி சொன்னான், "அம்புட்டையும் ரெண்டு காதுலயும்தான் போட்டேன், மதினி."