மஞ்சள் கோடு

கையும் ஸ்பேனருமாகப் பிடிபட்டார் கருணாகரன்.

பிடித்தவர் ராமதாஸ். ராயபுரத்தில் அந்தச் சந்தின் ஒரு பக்கம் அவருடைய மகள் மோகனப்ரியாவின் கார் பட்டறை. எதிர்ப்பக்கம் கருணாகரனின் விசைப்படகு எஞ்சின் பட்டறை. மகள் சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு ஒரு தகடு வாங்கப் போயிருந்தாள். பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிய ராமதாஸ், பந்தயக் காரின் திறந்த பானெட்டுக்குள் இடுப்பு வரை நுழைந்திருந்த ஓர் உருவத்தைக் கண்டார். காலரைப் பற்றி வெளியே இழுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், நேர்ச்சாலையில் நானூறு மீட்டர் சீறிப் பாயும் ‘டிராக்’ கார்ப் பந்தயம். விபத்தில் நசுங்கிக் கிடந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதன் எஞ்சினைப் பிரித்து, வேகத்தைக் கூட்டும் பெரிய டர்போவும் கூடுதலாகப் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர்களும் பொருத்தி, எட்டு மாதங்களாக மோகனப்ரியா பாடுபட்டது அந்தப் பன்னிரண்டு விநாடி ஓட்டத்துக்காகத்தான்.

அந்த எட்டு மாதமும் கருணாகரனின் வாய் சும்மா இருந்ததில்லை. தம்முடைய எஞ்சின் ஒரு வாரம் கடலில் நிற்காமல் ஓடும் என்பார். பன்னிரண்டு விநாடி ஓடுவதற்கு எட்டு மாதம் சீமந்தம் கொண்டாடும் எஞ்சினை இப்போதுதான் பார்க்கிறேன் என்பார்.

"உன் எஞ்சினு கரைக்கு வர்றதுக்குள்ள மீனு கருவாடாயிடும் மாமா" என்று அவளும் விடமாட்டாள்.

அந்த நையாண்டி முழுவதும் பொறாமை என்பது இப்போது சந்துக்கே விளங்கிவிட்டது. டீக்கடை மஜீது உட்பட ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"இன்னா பண்ணிகினு இருந்த?" ராமதாஸின் குரல் நடுங்கியது.

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவர் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கிரேன் இயக்குபவர். ஒரே ஒரு நட்டு தளர்ந்ததால், உடன் வேலை செய்தவரின் கால் போனதை நேரில் கண்டவர். ஆகவே மகளுக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார். அவள் வேலையில் ஒரு நட்டு முடுக்கப்படாமல் இருந்தாலும் பந்தயமும் கிடையாது, பட்டறையும் கிடையாது. இதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். கார்ச்சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

"கேக்கறேன்ல. கயட்ட வந்தியா, முடுக்க வந்தியா?"

கருணாகரன் ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு, சாவி இருந்த சட்டைப் பையைப் பார்த்தார்.

"கயட்டத்தான் வந்தேன். பொண்ணு ஜெயிச்சுட்டா நாளைக்கு எவன் என் பட்டறைய மதிப்பான்?"

பளீரென்று ஓர் அறை விழுந்தது.

கருணாகரன் கன்னத்தைத் தடவிக்கொண்டாரே தவிர, எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மீன்பிடித் துறைமுகத்தையே அதட்டும் மனிதர் இவ்வளவு அடக்கமாக நிற்பதே குற்றத்துக்குச் சான்று என்று மஜீது தீர்ப்பளித்தார். இனித் தம் கடையில் அவருக்கு டீ கிடையாது என்று தண்டனையும் அறிவித்தார்.

அப்போது மோகனப்ரியா வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சொன்னார்கள். கருணாகரனின் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தயெல்லாம் கயட்டிகிறான்னு பாரு" என்றார் தந்தை.

டார்ச் விளக்குடன் குனிந்தாள். ஒரு நட்டை முழுமையாக முடுக்கியதும் அதன்மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவது மெக்கானிக்குகளின் வழக்கம். கோடு உடையாமல் இருந்தால் நட்டு அசையவில்லை என்று பொருள். அவள் இழுத்தவை வெள்ளைக் கோடுகள். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயின் நட்டில் மட்டும் வெள்ளைக் கோடே இல்லை. மஞ்சள் கோடு இருந்தது. தொட்டாள். ஈரம் விரலில் ஒட்டியது.

எதிர்ப்பட்டறையில் படகு எஞ்சின்களுக்கு இடுகிற நிறம் மஞ்சள்.

நேற்று அந்த நட்டைக் கையால் திருகி வைத்தபோது கைப்பேசி அழைத்தது அவளுக்கு நினைவு வந்தது. பேசி முடித்து வந்து அடுத்த நட்டுக்குப் போய்விட்டாள். இன்று காலை தந்தையிடம் சாவி வாங்கி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, எதிர்வாசலில் நின்ற கருணாகரன் எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் பெட்ரோலிலேயே புழங்கும் அவளுக்கு அந்த வாடை தெரியவில்லை. அவருக்குச் சளியா என்று கேட்டுச் சிரித்திருந்தாள்.

"இன்னாம்மா? எத்தினி கயட்டிகிறான்?"

ஒரு பொய் போதும், நாளைக்குப் பந்தயம். கூட்டத்துக்கு நடுவிலிருந்து கருணாகரனும் அதையே கண்ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா ஒண்ணும் கயட்டல நைனா" என்றாள் மோகனப்ரியா. "நான் முடுக்காம வுட்டத முடுக்கிகிறாரு. அப்பிடியே ஓட்டியிருந்தா பெட்ரோலு சூடேறின டர்போ மேல கொட்டி, வண்டி என்னோட சேர்ந்து எரிஞ்சிருக்கும்."

மஜீது, யாரும் கேட்காமலே ஒரு ஸ்பெஷல் டீ போடுவதற்காகக் கடையை நோக்கி விரைந்தார்.

ராமதாஸ் சாவியை வெளியே எடுத்தார். நிபந்தனை நிபந்தனைதான். ஆனால் அவருடைய விரல்கள் ஐந்தும் கருணாகரனின் கன்னத்தில் சிவப்பாகத் தெரிந்தன. சாவியைப் பார்ப்பதும் கன்னத்தைப் பார்ப்பதுமாக நின்றார்.

"தெரியாம அட்ச்சிட்டேன் கருணா. இப்ப நான் இன்னா பண்றது?"

கருணாகரன் கசங்கிய காலரை நிதானமாகச் சரிசெய்துகொண்டார்.

"ரெண்டு வழி கீது ராமதாஸு. அந்தச் சாவிய பொண்ணு கையில குடு. இல்லாட்டி கன்னத்த இப்பிடிக் காட்டு."