மூச்சில் சம்சு

“வாயக் கொப்பளிச்சிட்டு ஊதுங்க,” என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் மரியநாதன்.

அய்யாவு கொப்பளித்துத் துப்பிவிட்டு ஊதினார். மரியநாதன் கண்ணை மூடி முகர்ந்தார். வெள்ளைக்காரத் துரை இருந்த நாளில், மூச்சில் சாராயம் வீசினால் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள்.

“அவரு கள்ளக்கூடத் தொட்டதில்லீங்க, டிரெசரய்யா,” என்றாள் அய்யாவுவின் மனைவி வெள்ளையம்மா. வாசலில் அவர் கழற்றிவிட்ட செருப்பை எடுத்து உள்ளே ஓரமாக வைத்தாள்.

“தெரியுது. இன்னும் பத்தல.”

மரியநாதன் குவளையை மறுபடி நிரப்பினார். மரவள்ளியில் காய்ச்சிய சம்சு சாராயம். மயக்க மருந்தையெல்லாம் ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வாயில் அடிக்கும் வாசம் கணக்கில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து வர வேண்டும், அப்போதுதான் வலி மங்கும். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். அளந்து பார்க்க அவரிடம் மூக்கைத் தவிர வேறெதுவும் இல்லை.

பெஞ்சின்மேல் மூங்கில் பத்தைகளும், கட்டுப்போடக் கிழித்த வேட்டியும் இருந்தன.

அய்யாவு குடித்தார். குமட்டியது. விழுங்கிக்கொண்டார்.

“நம்ம தோட்டத்துல இப்ப மிச்சமிருக்கிற ஆம்பள யாரு, டிரெசரய்யா?”

“சின்னத்தம்பி இருக்கானே.”

“அந்த நொண்டிப் பயலா? ஜப்பான்காரன் லோரியில ஏத்துனவன நடக்கவச்சுப் பாத்துட்டு, போடான்னு எறக்கிவிட்டான். இப்ப அவந்தான் ஊருக்கே மாப்பிள்ள.”

அய்யாவு சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவங்க ஒருத்தரும் திரும்பல,” என்றாள் வெள்ளையம்மா. அவள் குரலில் அழுகை இல்லை. “நாளைக்கு எங்க லயத்து வீடுகளுக்கு ஆள் பிடிக்க லோரி வருது.”

மரியநாதன் இன்னொரு குவளை கொடுத்தார். காத்திருந்தார். வெளியே ரப்பர் மரங்களில் யாரும் பால் வெட்டவில்லை.

“கொப்பளிங்க. ஊதுங்க.”

அய்யாவு ஊதினார். இந்தத் தடவை வாசம் அடியிலிருந்து வந்தது, சூடாக. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வெள்ளையம்மா அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, துண்டை மடித்து அவர் வாயருகே வைத்துக்கொண்டாள்.

“போதும்,” என்றார் மரியநாதன். கைகளைக் கழுவித் துடைத்தார். பெஞ்சுக்கடியில் குனிந்து எதையோ இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சுவரைப் பார்த்திருந்தது.

“எந்தக் கால ஒடைக்கிறதுன்னு நீங்களே சொல்லிடுங்க, அண்ணே.”