கால் நீட்ட இடம்

"சின்னக் காடி போதும் அத்தா. போறது ரெண்டு பேரு. எதுக்கு வேனு?"

மூன்றாவது தடவையாகக் கேட்டேன். அத்தா காதில் வாங்கவே இல்லை. என் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மெக்சிகோவில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் கடல் பாலத்தின் மேல் காலமெல்லாம் வெங்காய லோரி ஓட்டிய மனிதர். வண்டி விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை.

"பின்னாடி சீட்டு மடங்குமா பாரு, நஜ்வா."

"எனக்கென்ன தெரியும்? அங்க ரோட்டுல வலது பக்கம் ஓட்டணும். அது தெரியுமா உங்களுக்கு?"

"ஓட்டுனா பழகிடும்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலத்தைத் தாண்டினாலே முட்டி வலிக்கிறது என்று முனகுகிறவர் இவர். அங்கே விமான நிலையத்திலிருந்து குளத்துக்கு இரண்டு மணி நேரம், பாதி தூரம் காடு.

குளம் என்று பேருக்குத்தான். தரையில் ஒரு பெரிய பள்ளம், அடியில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் குகைகள். அதில் முக்குளிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவதுதான் தம்பி இர்வானுக்கு வேலை. சேர்ந்த அன்றைக்கே வீடியோ அனுப்பினான். "உப்பே இல்லக்கா. அப்படியே அள்ளிக் குடிக்கலாம்."

அத்தா ஒரு நீள வேனில் நின்றுவிட்டார்.

"இதான். போறப்ப ரெண்டு பேரு. வர்றப்ப தம்பியும் இருப்பான்ல."

"மூணு பேருக்கும் சின்னதே போதும் அத்தா. சொன்னா கேளுங்க."

"பத்தாது. அவன் ஒசரம் ஒனக்குத் தெரியாதா? கட்டில்லயே காலு வெளிய நிக்கும்."

"அதுக்குன்னு தனியா வண்டி இருக்கு அத்தா. அவங்களே ஏர்போர்ட் வரைக்கும்..."

"வேணாம்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"ப்ளேன்ல சாமானோட சாமானா வரப்போறான். அந்த ரெண்டு மணி நேரமாச்சும் எங்கூட வரட்டும்மா."



இர்வான் குகைக்குள் போனவன் வெளியே வரவில்லை. அவன் கிடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டோம், நீங்கள் வந்து சேர்வதற்குள் மேலே எடுத்துவிடுவோம் என்று போன வாரம் மீட்புக் குழுத் தலைவர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா பேசுவது ஒன்றே ஒன்றுதான். எம்புள்ளைய கொண்டாந்துருங்க.

உடலைச் சுற்றும் கபன் துணியையும் கற்பூரத்தையும் அத்தாவே பையில் வைத்துவிட்டார். கண்காணாத ஊரில் எவனோ குளிப்பாட்டக் கூடாதாம். பெற்றவன் இருக்கிறேன், என் கையால் குளிப்பாட்டுவேன் என்று ஒரே பிடிவாதம்.

"குளிப்பாட்ட அங்க நல்ல தண்ணி கெடைக்குமாம்மா?"

"கெடைக்கும் அத்தா."

"எதுக்கும் அந்தத் தலைவருக்குப் போனப் போட்டுக் கேட்டுக்க. நாம வர்றதையும் சொல்லிடு."

"காலையிலயே பேசிட்டேன்."

பேசியது உண்மைதான். பாயான் பாருவில் வேலையிடத்துக்குள் நுழையும் நேரத்தில் அந்தத் தலைவரே அழைத்தார். குகையின் கூரை இடிந்து வழி அடைத்துவிட்டது, இனி ஒருவரையும் உள்ளே அனுப்ப முடியாது, உங்கள் தம்பி அங்கேயேதான் இருப்பான், தயவுசெய்து யாரும் வர வேண்டாம் என்றார். முன்பின் பார்க்காத மனிதர், போனிலேயே அழுதுவிட்டார்.

வேலைக்குப் போகாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்து, அதைச் சொல்லத்தான் அத்தாவின் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். காடி, வேன் என்று சண்டைதான் போட முடிந்தது.

"அழுத்து," என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்தார் அத்தா.

பின் இருக்கைகளை மடக்கித் தர வேண்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அத்தா முட்டியைப் பிடித்தபடி எழுந்து, அம்மா தொழுதுகொண்டிருந்த அறைப் பக்கம் போனார்.

"நூர்ஜான், வண்டி கெடச்சிருச்சு. புள்ள நல்லா காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வரலாம்."