இருப்பு பூஜ்யம்

முன்னால் நின்ற பெண், கசங்கிய மருந்துச் சீட்டைக் கண்ணாடிப் பலகைமேல் நீவி வைத்தாள்.

கடைப்பெண் அதைப் படித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்து நின்றன. இருப்பு பூஜ்யம்.

இல்லைங்கக்கா என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு நம்ப மனம் வரவில்லை. உள்ளே போய் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். கடைப்பெண் எழுந்திருக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பெல்லாம் யார் கேட்டாலும் கடையில் இருந்தவர்கள் ஏணி போட்டு அலமாரி அலமாரியாக ஏறி இறங்குவார்களாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பாடு இல்லை. அது இல்லையென்றால் இல்லைதான்.

அவன் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றான், அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்கும் நெருக்கத்தில். அவன் சட்டைப்பையிலும் அதே மருந்துக்கான சீட்டுதான் இருந்தது.

தொண்டைக் காய்ச்சல் ஊர்க் குழந்தைகளை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த நேரம். காலையிலிருந்து அவன் மகளுக்கு எச்சில்கூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது, வெளியிலிருந்து கொண்டுவந்தால் உடனே ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னார். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தான். வழியில் இருந்த மருந்துக்கடை எதிலும் ஏறவில்லை. நேரே இங்கேதான் வந்தான்.

வேறு எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண் கேட்டாள். கடைப்பெண்ணுக்குத் தெரியவில்லை. இவனாவது சொல்வானா என்பதுபோல அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள்.

அவன் சுவரில் ஒட்டியிருந்த இருமல் மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் படியிறங்கிப் போனாள்.

அவன் சீட்டை நீட்டியதும் கடைப்பெண் உதட்டைப் பிதுக்கினாள். மருந்துப் பெயரை அடித்து, கடைசியில் இரண்டு புள்ளி வைக்கும்படி அவன் சொன்னான். முதலாளி வெளியூரில் இருக்கிறார், அவரைக் கேட்காமல் எதையும் மாற்றி அடிக்கமாட்டேன் என்றாள் அவள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றான். அவள் பயந்துபோய் விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள்.

பெயரைத் தப்பாக அடித்தான். மெஷின் கீச்சிட்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான். புள்ளி. இன்னொரு புள்ளி.

பூஜ்யம் இருந்த இடத்தில் மூன்று வந்தது.

கடைப்பெண் குளிர்பெட்டியைத் திறந்து, சொட்டு மருந்துகளை ஒதுக்கிவிட்டு அடியில் துழாவினாள். மூன்று டப்பாக்கள் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

இந்தப் புரோகிராமை எழுதியதே தான்தான் என்று அவன் சொன்னான்.

தட்டுப்பாடான மருந்தில் கடைசி சில டப்பாக்கள் திரையில் தெரியக்கூடாது என்று முதலாளிதான் கேட்டிருந்தார். "நாளைக்குத் தெரிஞ்சவங்க வந்து நின்னா, நான் கையை விரிக்க முடியுமா தம்பி?" அவர் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் அவன் அதை முடித்துக் கொடுத்துவிட்டான். அப்போது கடையில் இருந்தவர்களைக் கூட்டிவைத்து, இனிமேல் அலமாரியைத் தேட வேண்டாம், திரை சொல்வதை நம்புங்கள் என்று சொல்லிக் கொடுத்தவனும் அவனேதான்.

கடைப்பெண் டப்பாவை நீட்டவில்லை. அவனையே பார்த்தாள்.

"அந்தக்கா கேட்டப்போ நீங்க பின்னாடிதானே சார் நின்னீங்க?"

ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் டப்பாவை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இன்னொன்றை எடுத்து ஐஸ் துண்டுகளோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள்.

அவன் படிக்கு வந்தபோது அவள் முச்சந்தியில் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். எங்கும் ஒரே கூட்டம். அக்கா எந்தப் பக்கம் போனாங்க என்று அங்கிருந்தே அவனைக் கத்திக் கேட்டாள்.

அவன் பார்த்திருக்கவில்லை.