சத்தம் போடாத கார்

சீமைக்குத் திரும்பும் துரை தன் இரண்டு கார்களையும் விற்கப் போட்டார். பற்றரி மின்சாரத்தில் ஓடும் சின்னக் காரைக் கற்பிட்டி வீதியில் ஓட்டிப் பார்த்தார் புதிதாக மாற்றலாகி வந்த கனகரத்தினம் ஐயா. வழிகாட்ட மீனவன் செபமாலை கூட வந்தான்.

“பூனை மாதிரிப் போகுது, என்ன?”

“ஓம் ஐயா, அதுதான் குறை. றோட்டில படுத்திருக்கிற மாடுகூட எழும்பேல்லையே! உங்கட உத்தியோகத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா? நீங்க தூரத்தில வரும்போதே சனம் எழும்பி நிக்கவேணும்!”

ஐயா நெஞ்சை நிமிர்த்தினார். கடகடவென்று இரையும் பெற்றோல் காரையே வாங்கினார்.

செபமாலை வீட்டுக்கு, மனைவியிடம் ஓடினான்.

“இசபெல், அடுப்பை மூட்டு! மதுவரி இன்ஸ்பெக்டர் வாற சத்தம் இனி மாதா கோயில் வளைவிலயே கேக்கும். கசிப்புச் சாராயப் பானையை மணலில புதைக்கத் தாராளமா நேரமிருக்கு!”