கொம்பன் நின்ற படம்

மந்திரமூர்த்தியின் மில்லர்புரத்து வீட்டுக்குச் சாப்பிட வந்த பழைய கேப்டன் வெள்ளத்துரை, சுவரில் புதிதாக மாட்டியிருந்த கல்லூரி ஃபுட்பால் டீம் படத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“மதினி, இவன்தான் எங்க கோல்கீப்பர். பைனல்ல கைக்கு வந்த பந்தை விட்டான் பாருங்க, கோப்பையே போச்சு.”

மந்திரமூர்த்தி தலையைக் குனிந்து சிரித்தார். கேப்டன் வாயால் முப்பது வருஷமாகக் கேட்கிற பாட்டு.

செண்பகம் படத்தில் பனியன் போட்டு நின்ற கிடாவைக் காட்டினாள். “இது யாரு அண்ணாச்சி?”

“கொம்பன். அவன் முன்னால நடந்தாத்தான் நாங்க கிரவுண்டுல இறங்குவோம். பயலுக்குக் கடலைமிட்டாய்னா உசிரு.”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“வயசாகித்தான் செத்தான். பைனல்ல செயிச்சா அவன சுடலைமாடனுக்கு வெட்டுதேன்னு கோச் நேந்திருந்தாரு. நாங்கதான் தோத்துட்டோமே.”

செண்பகம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “அந்தப் பந்து நெசமாவே நழுவிச்சா?”

மந்திரமூர்த்தி துண்டை எடுத்துப் படத்தில் கொம்பன் நின்ற இடத்தைத் துடைத்தார்.

வெள்ளத்துரை அவர் தோளில் கைபோட்டார்.

“ஏலே, நீ விட்டது ஒரு பந்துதான். ஆளில்லாத கோல்ல நான் வெளிய அடிச்சது ரெண்டு.”